மாமா கலக்கிய ஆறு

தண்ணீரைக் கலக்கத் தெரியாதவனுக்கு மீன் குழம்பு சாப்பிடவே உரிமை கிடையாது என்பது என் மாமாவின் கட்சி. அம்மாவின் ஒரே தம்பி அவர். பேச்சில் தன்னை ஜெயிக்கச் சங்கரன்கோவிலில் இன்னும் ஆள் பிறக்கவில்லை என்று அவரே சொல்வார். பக்கத்தில் நின்று ஆமாம் என்று நான் சாட்சி சொல்வேன். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. நாளைக்குச் சூரியன் மேற்கே உதிக்கும் என்று மாமா சொல்லியிருந்தால், விடிகாலையில் எழுந்து மேற்குப் பக்கம் பார்த்து நின்றிருப்பேன். அவ்வளவு நம்பிக்கை.

அவருடைய மீன்பிடிப் புகழ் முழுக்கக் குளத்துப் புகழ். எங்கள் பக்கத்துக் குளங்களில் கோடை வந்து தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். முதல் வேலை, கலக்குவது. இறங்கியவர்கள் அத்தனை பேரும் காலால் சேற்றை உழப்புவார்கள். சிலர் எருமைகளையும் இறக்கிவிடுவார்கள். குளம் காப்பி நிறத்துக்கு வந்ததும் மீன்கள் மூச்சுமுட்டி வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அதற்கென்று ஒரு மூங்கில் கூடை உண்டு. மேலேயும் திறப்பு, கீழேயும் திறப்பு. மீன் தட்டுப்படும் இடத்தில் அதைச் சேற்றில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால் உள்ளே விரால் கிடக்கும். மாமா கையை விட்டு வெறுங்கையாக எடுத்ததை நான் பார்த்ததே இல்லை.

தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, அம்மாவின் இடுப்பில் வளர்ந்தவர் மாமா. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அப்பா வேலை பார்த்த விசைத்தறிக் கொட்டகையில்தான் அவருக்கும் வேலை. அவருக்குப் பெண் தேடி அம்மா செருப்புத் தேய அலைந்தாள். பையன் நல்லவன்தான், வாய் கொஞ்சம் நீளம் என்று இரண்டு மூன்று இடங்களில் நழுவினார்கள். தாய் தகப்பன் இல்லாத பையன் என்பதைத்தான் அப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அந்தச் சந்தேகம் அவள் மனதில் ஒரு முள்ளாகவே கிடந்தது.

கடைசியில் தென்காசியைத் தாண்டி, சிற்றாற்றங்கரையில் ஒரு கிராமத்தில் பெண் அமைந்தது. எங்கள் வீட்டில் வைத்துத்தான் தாம்பூலம் மாற்றினார்கள். பந்தியில் பெண்ணின் அப்பா சும்மா இருக்காமல் தங்கள் ஊர் மீனைப் பற்றி எடுத்துவிட்டார்.

“எங்க ஆத்துக் கெண்டைக்கு ருசியே தனி மாப்ளே. ஆனா அம்புட்டு லேசுல ஆப்பிடாது.”

மாமா இலையிலிருந்து தலையைத் தூக்கினார். “மசாலாவ மட்டும் அரைச்சு வைக்கச் சொல்லுங்க மாமா. மீனு எம் பொறுப்பு.”

எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. அம்மா பரிமாறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்ததால் தட்டவில்லை.

கல்யாணம் ஆவணியில். ஆனி மாதம் ஒரு நாள், முகூர்த்தச் சேலை எடுக்க அம்மா புறப்பட்டாள். பெண் வீட்டில் மதியச் சாப்பாடு. அது முடிந்து பெண்ணையும் கூட்டிக்கொண்டு தென்காசிக் கடைக்குப் போவது என்று ஏற்பாடு. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்கக் கூடாது, அங்கே கை நனைக்கவும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் மாமாவுக்கு அதில் வேலை இல்லை. ஆனால் அவர் கூடையோடு வாசலில் வந்து நின்றார்.

“நான் ஒண்ணும் வீட்டுக்கு வரலையே. ஆத்துக்குத்தான வாரேன்” என்றார்.

மசாலா அரைக்கச் சொல்லிவிட்டோமே, வராமல் இருந்தால் யாருக்கு அவமானம் என்று கேட்டு அம்மாவை மடக்கினார். சரி, ஆற்றோடு சரி, அங்கேயே இருந்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் தூக்குவாளியில் எலுமிச்சைச் சோறு கட்டினாள். மாமா ஆற்றை விட்டு வீட்டுப் பக்கம் ஓர் எட்டு வைத்தாலும் ஓடி வந்து சொல்ல வேண்டும் என்று என்னைக் காவல் போட்டாள். மாமாவுக்கு நான் கையாள், அம்மாவுக்கு நான் உளவாளி. இரண்டு வேலையையும் ஒழுங்காகப் பார்க்க முடியும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பஸ்ஸில் கண்டக்டர் கூடையைப் பார்த்து, இது என்ன கோழிக் கூடா என்று கேட்டார். மாமா எழுந்து நின்று விளக்கினார். மேலும் கீழும் திறந்து கிடக்கிற ஒரு கூடைக்கு லக்கேஜ் போடலாமா கூடாதா என்று கண்டக்டர் புளியங்குடி வரைக்கும் யோசித்தார். அங்கே எலுமிச்சை மூட்டைகள் ஏறவும் அவருக்கு வேறு சண்டை கிடைத்துவிட்டது. சங்கரன்கோவிலில் வெயில் மண்டையைப் பிளந்தது. தென்காசி நெருங்க நெருங்க ஜன்னல் காற்று குளிர்ந்தது. மேற்கே மலையின் தலையை மேகம் மூடியிருந்தது. மலையே தெரியலையே என்று நான் கேட்டதற்கு, அது அப்படித்தான், சீசன் என்று மாமா சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது.

ஓடும் தண்ணீர் என்று ஒன்றை அதுவரைக்கும் நான் தெருக்குழாயில் மட்டும்தான் பார்த்திருந்தேன். இங்கே அது யாரும் திறந்துவிடாமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முட்டளவுதான். அடியில் மணல், நடுவில் ஒரு பெரிய பாறை, கரையில் மருத மரங்கள். அவற்றுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் பெண் வீட்டு ஓடு தெரிந்தது. அம்மா அந்தப் பக்கம் போனாள். நாங்கள் இறங்கினோம்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கலக்க ஆரம்பித்தார். காலால் மணலை உழப்பினார். புகைபோல ஒரு கலங்கல் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அது எங்களை விட்டுவிட்டுக் கிழக்கே போய்விட்டது. தண்ணீர் மறுபடி கண்ணாடியாக நின்றது. அதற்குள் மாமாவின் கால் விரல்களும், அவற்றைச் சுற்றி நாலைந்து கெண்டைகளும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று அவருடைய பெருவிரலைக் கொத்தியும் பார்த்தது.

மாமா என்னையும் இறங்கிக் கலக்கச் சொன்னார். நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்தேன். கலங்கலும் மீன்களும் ஒரே திசையில் போயின. கீழே துணி வெளுத்துக்கொண்டிருந்த ஒருவர் வெள்ளைத் துணியெல்லாம் மண்ணாகிறது என்று சத்தம் போட்டார். மாமா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இந்த இடம் சரியில்லை, நடுவில்தான் ஆழம், அங்கேதான் சேறு இருக்கும் என்று பாறைப் பக்கம் நகர்ந்தார். மீன் போட வைத்திருந்த மஞ்சள் பையோடு என்னைப் பாறை உச்சியில் உட்கார வைத்தார். வெயில் பட்டுப் பாறை சுட்டது.

அப்போதுதான் அந்த அக்கா வந்தாள். மாமாவுக்குப் பேசியிருந்த பெண். இடுப்பில் ஒரு குடம். ஏற்கெனவே பளபளவென்று இருந்த அந்தக் குடத்தைக் கரையில் வைத்துப் புளி போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். முகம் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். மாமா வீட்டுப் பக்கம் போகவில்லை. வீடுதான் ஆற்றுப் பக்கம் வந்திருக்கிறது. அம்மா சொன்ன நிபந்தனையில் இது வராது என்று முடிவு செய்தேன்.

மாமாவின் சுறுசுறுப்பு இரண்டு மடங்காயிற்று. கூடையைத் தூக்குவதிலும் அமுக்குவதிலும் ஒரு கம்பீரம் சேர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அக்கா குடத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

“ஏ பாப்பா, மலையில இருட்டிக்கிட்டு வருது. உங்க மாமாவ மேல வரச் சொல்லு.”

மாமாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த தூரத்தில் அது அவர் காதிலும் நன்றாகவே விழுந்தது. இருந்தாலும் நான் கடமை தவறாமல், மாமா, உங்களை மேலே வரச் சொல்லுதாங்க என்றேன். மீன் கிடைத்ததும் வருகிறேன் என்று சொல் என்றார் மாமா. சொன்னேன். எங்கள் தலைக்கு மேலே வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

திரும்பவும் குடம் தேய்க்கும் சத்தம். பிறகு அவள் குடத்தை நிறைத்து மேட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறது, பார்க்கச் சொல் என்றாள். இந்த முறை குடத்தைப் பார்த்துப் பேசவில்லை, ஆற்றைப் பார்த்துப் பேசினாள். நான் சொன்னேன். மாமா குனிந்த தலை நிமிராமல், சருகு வந்தால் மீனும் வரும் என்று பதில் கொடுத்தார். மாமாவிடம் இல்லாத பதிலா என்று எனக்கு ஒரே பெருமை.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. தண்ணீர் கலங்கியது. மாமாவின் காலைச் சுற்றி முதலில் லேசாக, அப்புறம் நன்றாகச் சிவந்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் ஆறே எங்கள் குளத்து நிறத்துக்கு வந்தது. மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

“பாத்தியா மக்கா! கலக்கிட்டம்லா!”

நான் பாறை மேல் நின்று குதித்தேன். மாமா கூடையை அமுக்கிக் கையை விட்டார். நிஜமாகவே ஒரு மீன் மாட்டியது. வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு, அவருடைய இரண்டு கைக்குள்ளும் அடங்காமல் துள்ளியது. ஊரே வாயடைத்துப் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பையைத் திறந்து நீட்டியபோது என் பாதம் நனைந்தது. சற்று முன்னால் சுட்டுக்கொண்டிருந்த பாறை அது. ஆறு ஏதோ சத்தம் போட ஆரம்பித்திருந்தது. கரையில் அந்த அக்கா கையை ஆட்டி ஆட்டிக் கத்துவது தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மாமா அவள் பக்கம் பார்க்கவே இல்லை. மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் கல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது கல் மாமாவின் புருவத்தில் விழுந்தது.

மீன் போய்விட்டது. ரத்தம் வழிய மாமா திரும்பினார். அந்த அக்கா இடுப்புவரை ஆற்றுக்குள் வந்துவிட்டிருந்தாள். அவள் போட்ட சத்தம் ஆற்றுச் சத்தத்தைத் தாண்டி வந்தது.

“ஏலே! செத்துப் போயிருவலே! பிள்ளையத் தூக்கிட்டு ஏறி வாலே!”

மாமா மேற்கே பார்த்தார். என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நொடி நான் அவர் தோளில் இருந்தேன். கரை அவ்வளவு தூரம் இல்லை. ஆனால் தண்ணீர் அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு. ஒரு முறை என் வாய்க்குள்ளும் மண்ணும் தண்ணீருமாகப் புகுந்தது. கூடை எங்களைத் தாண்டி உருண்டு போனது. முதலில் அந்த அக்காவின் கைக்கு ஆப்பிட்டது என் ரெட்டைச் சடையில் ஒன்று. அதைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் உயிர் போய் உயிர் வந்தது. பிறகு மாமாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள். மூன்று பேரும் ஒரு மருத மர வேரைக் கட்டிக்கொண்டு மேலே ஏறி விழுந்தோம். திரும்பிப் பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை.

அந்த அக்காவின் பல் கிடுகிடுவென்று அடித்தது. குடத்தைத் தூக்கித் தண்ணீர் குடிக்கப் பார்த்தாள். கை ஆடிய ஆட்டத்தில் தண்ணீர் முழுக்கத் தாவணியில் கொட்டியது. குடத்தை வைத்துவிட்டு, மாமாவின் புருவத்திலிருந்து சொட்டும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். மாமாவைக் கல்லால் அடித்துவிட்டோமே, இப்போது மாமா என்ன செய்யப் போகிறாரோ என்ற பயம் என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பின்னே, மாமா என்றால் சும்மாவா? பாவம், பயப்படாதே என்று சொல்லலாமா என்று பார்த்தேன். சடை வலித்ததால் சொல்லவில்லை.

கை நனைக்கக் கூடாது என்று அனுப்பிவைத்த மாப்பிள்ளை, தலையிலிருந்து கால் வரை நனைந்து, நெற்றியில் ரத்தத்தோடு பெண் வீட்டு வாசலில் நின்றார். அதற்கு முன்னாலேயே அம்மா காதுக்குச் செய்தி போயிருந்தது. துணி வெளுத்தவர் எங்களுக்கு முன்னால் போய், பார்த்ததைச் சொல்லிவிட்டார்: பெண் கல்லெடுத்து எறிந்தாள், மாப்பிள்ளையை லே போட்டுக் கூப்பிட்டாள். ஆறு ஏறியதைப் பற்றி யாரும் அம்மாவிடம் தனியாகச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது செய்தியே இல்லை. அம்மா அவரைத் திண்ணையில் உட்கார வைத்தாள். மாமாவின் தலையைத் தன் முந்தானையால் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல.

அரைத்து வைத்த மீன் மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டு இறக்கியிருந்தார்கள். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடினாள். சேலையை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். பெண்ணின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு பஸ் ஏறும் வரைக்கும் கூடவே வந்தார். அந்த இன்னொரு நாள் வராது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பாருங்கள்.

பஸ்ஸில் மாமா ஜன்னலோரம், நடுவில் நான், இந்தப் பக்கம் அம்மா. கடையநல்லூர் வரை பொறுத்துக்கொண்டிருந்த அம்மா, அதற்கு மேல் முடியாமல் சொன்னாள்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாம்லே. கழுத்துல தாலி ஏறதுக்கு முன்னாலயே கல்லெடுத்து எறியுதா. கேக்க நாதியில்லாத பயதானன்னு நெனைச்சிட்டா.”

அவள் எறியாவிட்டால் நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம் என்று மாமா மெதுவாகச் சொன்னார். முட்டளவு தண்ணீரில் என்ன வந்துவிடும் என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். அவளும் குளத்து ஊர்க்காரிதானே. மாமா அதோடு பேசவில்லை. பேச்சில் அவரை ஒருவர் ஜெயித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. மாமாவை யாரும் மட்டமாக நினைக்கவில்லை என்பதற்கு என்னிடம் கண்ணால் கண்ட சாட்சி இருந்தது.

“இல்லம்மா, அந்த அக்காவுக்கு மாமான்னா ரொம்பப் பயம். கை ஆடு ஆடுன்னு ஆடிச்சு. தண்ணிகூடக் குடிக்க முடியல. மாமா ரத்தத்தப் பாத்துப் பாத்து அழுதாங்க.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “எப்ப அழுதாட்டி? வீட்டுக்கு வந்த பொறவா?”

“இல்ல. வீட்டுக்கு வரதுக்கு முன்னால. அங்கன ஆத்தங்கரையில வேற யாருமே இல்ல.”

அம்மா என் தலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் பிய்ந்த சடையை அவிழ்த்து, மணலை உதறி, திரும்பப் பின்னினாள். வழக்கமாக இழுத்துப் பின்னுகிறவள், அன்றைக்கு வலிக்காமல் பின்னினாள். புளியங்குடியில் பஸ் நின்றது, எலுமிச்சைக் கூடைகள் ஏறின, பஸ் கிளம்பியது. சங்கரன்கோவில் கோபுரம் கண்ணில் பட்டபோதுதான் வாயைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, முகூர்த்தச் சேலையை அன்றைக்கு எடுத்துவிடலாம் என்றாள். பிறகு மாமாவிடம், நீ வர வேண்டாம் என்றும் சொன்னாள்.

அந்த அக்கா இன்றைக்கு என் அத்தை. நாலு பேர் முன்னால் மாமாவை ‘வாங்க, போங்க’ என்று தவிர ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டாள். மாமா பைக்கைக் கொஞ்சம் முறுக்கினால் மட்டும் பின்னாலிருந்து அந்த ‘லே’ வரும். வேகம் தானாகக் குறையும். கல்யாண ஆல்பத்தில் மாமாவின் புருவத் தழும்பை மறைக்கட்டுமா என்று போட்டோக்காரர் கேட்டதற்கு, அது இருக்கட்டும் என்று சொன்னவள் அம்மா. நழுவின அந்த மீன் வருஷா வருஷம் வளர்ந்து இப்போது ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில், ஒரு கல்யாணத்தையே நான் தூக்கி நிறுத்தியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. மாமாவுக்கு அடங்கி ஒடுங்கி இருக்கிற பெண் என்று தெரிந்ததும் அம்மா மனம் மாறிவிட்டாள், அவ்வளவுதான் என் கணக்கு. தோற்றுப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்த மாமாவைத் தேற்ற வேண்டும் என்று அவர் காதருகே போய்ச் சொன்னேன்: “மாமா, அந்த அக்கா உங்களுக்கு எம்புட்டுப் பயப்படுதாங்க பாத்தீங்களா?”

மாமா என்னைப் பார்த்தார். “ஆமா மக்கா. ரொம்பத்தான் பயந்துட்டா” என்றார். சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காயம் வலிக்கிறதுபோல என்று நினைத்து, அவர் வலி போகட்டும் என்று கழுத்தை நீட்டி அந்தப் புருவத்தில் ஊதிக்கொண்டே வந்தேன்.